தாவர இறைச்சித் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுத் தொழில் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்ததும் பலரும் முதலில் எடுக்கும் பேச்சு, சோயா, பட்டாணி போன்றவற்றின் புரதத்தில் கறி போலவே செய்யும் தாவர இறைச்சி பற்றித்தான். சென்னையில் கேட்பவருக்கும் டொராண்டோவிலிருந்து கேட்பவருக்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றே. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போனதால் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்துவிட்டேன். எளிய கேள்விகள் முதலில், வம்பானவை பின்னால்.

"தாவர இறைச்சின்னு பெருசா பேசறாங்களே, நம்ம மீல் மேக்கர்தானே அது?"

குடும்பம் ஒன்று, தலைமுறை வேறு. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவை வெப்பமும் அழுத்தமும் கொடுத்துப் பொரியவைத்து, காயவைத்தால் மீல் மேக்கர். 1960-களில் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லேண்ட் நிறுவனம் இந்த முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1971-ல் அமெரிக்க வேளாண் துறை, பள்ளி மதிய உணவின் இறைச்சியில் 30 சதவீதம் வரை இதைக் கலக்கலாம் என்று அனுமதித்தது. கறியின் செலவைக் குறைக்கும் பொருளாகத்தான் அன்று அதைப் பார்த்தார்கள். இலங்கையில் இதே சரக்கு 'சோயா மீட்' என்ற பெயரில், கோழி, இறால், கணவாய்ச் சுவைத்தூளோடு மளிகைக் கடையில் தொங்குகிறது.

இன்று பேசப்படும் புதுத் தலைமுறைச் சரக்கு ஈரமாக இருக்கும், குளிர்பெட்டியில் இருக்கும், பச்சைக் கொத்துக்கறி போலவே தெரியும், கல்லில் போட்டால் நிறம் மாறும். கறி சாப்பிடுபவரே வித்தியாசம் தெரியாமல் சாப்பிட வேண்டும் என்பது அதன் லட்சியம். எட்டிவிட்டதா என்பது வேறு விஷயம்.

"லேப்ல வளர்க்கிற கறியும் இதுவும் ஒண்ணா?"

இல்லை. அது விலங்கின் உயிரணுவைத் தொட்டியில் வளர்த்து எடுப்பது, அதாவது நிஜ இறைச்சி. 2020 டிசம்பரில் சிங்கப்பூர்தான் முதன்முதலில் அதன் விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. இந்தப் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு, பூஞ்சைப் புரதம். பிரிட்டனின் குவார்ன் அந்த வகை. இங்கிலாந்தில் மார்லோ என்ற ஊருக்குப் பக்கத்து மண்ணில் 1960-களில் கிடைத்த ஒரு பூஞ்சையைப் பெரிய தொட்டிகளில் நொதிக்கவைத்து எடுக்கிறார்கள். மனித உணவுக்கான அனுமதி 1985-ல் கிடைத்தது. அதன் இழைகள் இயற்கையிலேயே கோழிச்சதை நார் போல இருப்பதால் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. 2015-ல் பிலிப்பைன்ஸின் நூடுல்ஸ் நிறுவனமான மாண்டே நிசின் 55 கோடி பவுண்டுக்குக் குவார்னை வாங்கியது. கடையில் தாவர இறைச்சிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் மக்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள்.

"இதைக் கண்டுபிடிச்சது அமெரிக்காக்காரங்களா?"

பர்கராக்கிப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோனது அவர்கள். சரக்கு ஆசியாவுடையது. கோதுமை மாவைத் தண்ணீரில் பிசைந்து கழுவி, மாவுச்சத்து போனபின் மிஞ்சும் பசையான புரதத்தைச் சமைப்பது சீனத்தில் நூற்றாண்டுகளாக நடக்கிறது. பௌத்த மடங்களில் அதை வாத்து, மீன் போலவே செய்து பரிமாறினார்கள். அந்த மரபு புலம்பெயர்ந்தவர்களோடு தென்கிழக்காசியாவுக்குப் போனது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குச் சைவ உணவகத்தின் 'மாக் மட்டன்' (போலி மட்டன்) வறுவல் புதிய சமாசாரமே இல்லை.

அமெரிக்காவில் இதைத் தொடங்கியவர்கள் மதநம்பிக்கையால் இறைச்சியைத் தவிர்த்த செவன்த்-டே அட்வென்டிஸ்ட் சபையினர். மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக்கில் சுகவாச நிலையம் நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் 1890-களில் வேர்க்கடலையில் 'நட்டோஸ்' செய்தார். பிறகு கோதுமைப் புரதமும் வேர்க்கடலையும் கலந்து 'புரோட்டோஸ்' வந்தது. 1939-ல் ஒஹாயோவில் தொடங்கிய வொர்திங்டன் ஃபுட்ஸ் பல பத்தாண்டுகள் அந்தச் சபையினரை நம்பியே ஓடியது. 1999-ல் அதை வாங்கியது கெல்லாக் நிறுவனம், அதாவது டாக்டரின் தம்பி தொடங்கிய கம்பெனி.

"சோயாவும் பட்டாணியும் எப்படிங்க நார் நாரா கறி மாதிரி வருது?"

இந்தத் தொழிலின் ரகசியமே இந்த இடம்தான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பயறிலிருந்து கொழுப்பையும் மாவுச்சத்தையும் நீக்கிப் புரதத்தைத் தனியாகப் பிரிக்கிறார்கள். எண்ணெய் எடுத்த சோயா மாவில் பாதிதான் புரதம். இன்னும் சுத்தம் செய்தால் 90 சதவீதம் வரை போகும். பட்டாணியில் 80 சதவீத அளவுக்கு எடுக்கிறார்கள். இந்தத் தூளில் புரத மூலக்கூறுகள் உருண்டை உருண்டையாகச் சுருண்டு கிடக்கும். மிருகத்தின் தசையிலோ அவை நீள நீளமாக, ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். உருண்டையை நீட்டி அடுக்குவதுதான் வேலை.

அதற்கு எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரம். ஒரு நீண்ட இரும்புக் குழாய்க்குள் இரண்டு திருகுகள் அடுத்தடுத்துச் சுழலும். புரதத் தூளும் தண்ணீரும் ஒருபக்கம் போகும். 130 டிகிரிக்கு மேல் சூட்டிலும் பெரும் அழுத்தத்திலும் புரதம் உருகிச் சுருள் அவிழும். முறுக்கு அச்சில் மாவைப் பிழிவது போல மறுபக்கம் வெளியே தள்ளும். சட்டென்று வெளிக்காற்றில் விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெடித்து, பஞ்சு போல உப்பிக்கொள்ளும். அதுதான் மீல் மேக்கர். அப்படி விடாமல், குளிரூட்டிய நீண்ட வாயின் வழியே மெதுவாகத் தள்ளினால் ஆவி வெடிக்காது, புரதம் நகரும் திசையிலேயே இழை இழையாக இறுகும். இது அதிக ஈரப்பத முறை. பிய்த்தால் கோழிச்சதை போலப் பிரியும் துண்டுகள் இப்படி வருபவை. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபூ-ஹங் ஷேயும் ஹரால்ட் ஹஃபும் பல ஆண்டுகள் இதில் உழைத்தார்கள். அந்த ஆய்வின் உரிமத்தை வாங்கித்தான் அமெரிக்கத் தாவர இறைச்சி நிறுவனமான பியாண்ட் மீட் தன் முதல் தாவரக் 'கோழி'த் துண்டுகளை 2012-ல் விற்றது.

நார் மட்டும் போதாது, கொழுப்பு வேண்டும். பெரும்பாலும் தேங்காயெண்ணெய், ஏனென்றால் குளிரில் கட்டியாக இருந்து சூட்டில் உருகும், மாட்டுக் கொழுப்பின் குணம் அதுதான். எல்லாவற்றையும் ஒட்டிவைக்க மெத்தில்செல்லுலோஸ். சூடானால் இறுகி, ஆறினால் இளகும் விசித்திரமான பொருள் அது. ஆறிப்போன தாவர பர்கர் ஏன் சகிக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு, பாதிப் பதில் அந்தப் பொருள்.

"ரத்தம் மாதிரி கசியுதே, அது என்ன? அதுவும் சைவமா?"

இரண்டு வழிகள் உண்டு. பியாண்ட் மீட் பீட்ரூட் சாற்றைச் சேர்த்தது, அது வெறும் நிறம். இம்பாசிபிள் ஃபுட்ஸ் செய்தது வேறு. 2011-ல் அதைத் தொடங்கிய பேட்ரிக் பிரவுன் ஸ்டான்ஃபோர்டின் உயிர்வேதியியல் பேராசிரியர். கறிக்கு அந்தச் சுவையைக் கொடுப்பது ரத்தத்திலும் தசையிலும் இருக்கும் இரும்புச்சத்துள்ள ஹீம் என்பது அவர் கட்சி. சோயாச் செடியின் வேர் முடிச்சுகளிலும் ஹீம் உள்ள ஒரு புரதம் இருக்கிறது. பிரவுன் வேரைத் தோண்டாமல், அதன் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்துத் தொட்டியில் உற்பத்தி செய்தார். 2016-ல் நியூயார்க்கின் மோமோஃபுகு நிஷி உணவகத்தில் பர்கர் அறிமுகமானது. கடைகளில் பச்சையாக விற்க, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019-ல் ஹீமை நிறச் சேர்க்கையாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

சைவமா என்றால், பொருளில் விலங்கு எதுவும் இல்லை. ஆனால் பாதுகாப்பை நிரூபிக்க 188 எலிகளுக்கு ஹீமைக் கொடுத்துச் சோதித்தார்கள், எலிகள் கொல்லப்பட்டன. விலங்குரிமை அமைப்பான பீட்டா இதைக் கடுமையாகக் கண்டித்தது. பல கோடி மாடுகளைக் காப்பாற்றும் முயற்சிக்கு வேறு வழியில்லை என்று பிரவுன் எழுத்தில் விளக்கம் சொன்னார். மரபணு மாற்ற ஈஸ்ட்டிலிருந்து வருவதால் வேறு சில நாடுகளில் அனுமதிக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

"கறியே பிடிக்காம சைவமா இருக்கறவங்களுக்கு எதுக்குங்க கறி ருசி?"

நியாயமான கேள்வி, ஆனால் வாடிக்கையாளரை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். அமெரிக்காவில் என்பிடி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கண்டது: தாவர பர்கர் வாங்கியவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் அதே ஆண்டில் மாட்டிறைச்சி பர்கரும் வாங்கியவர்கள். குறியே அவர்கள்தான். 2016-ல் பியாண்ட் பர்கர் கொலராடோவின் போல்டர் நகரில் ஹோல் ஃபுட்ஸ் கடைக்கு வந்தபோது, சைவ அலமாரியில் வைக்காமல் இறைச்சிப் பகுதியிலேயே வைக்கவேண்டும் என்று பியாண்டின் நிறுவனர் ஈத்தன் பிரவுன் பிடிவாதமாக இருந்தார்.

பரம்பரைச் சைவர்களுக்கு இந்தச் சரக்கு பெரும்பாலும் குமட்டலைத்தான் தரும். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். பர்கர் கிங் 2019-ல் அமெரிக்கா முழுவதும் இம்பாசிபிள் வாப்பரை இறக்கியபோது, கறியைச் சுடும் அதே இயந்திரத்தில்தான் அதையும் சுட்டார்கள். வேண்டுமென்று கேட்டால் தனியாகச் சமைப்பார்கள். கேட்கவேண்டும் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

"பியாண்ட் மீட் ஷேர் அப்படி ஏறிச்சே, ஏன் இப்படி விழுந்துச்சு?"

முதலில் கணக்கு. 2019 மே 2-ஆம் தேதி ஒரு பங்கு 25 டாலருக்கு வெளியானது. அன்று மாலையே 65 டாலரைத் தாண்டி முடிந்தது. ஜூலைக் கடைசியில் 234 டாலர். 2025 அக்டோபரில் ஒரு டாலருக்கும் கீழே போனது. விற்பனை 2019-ல் சுமார் 30 கோடி டாலர், 2021-ல் 46 கோடியைத் தொட்டு, 2024-ல் 33 கோடிக்குக் கீழே இறங்கியது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நஷ்டம் 36 கோடி டாலருக்கு மேல்.

காரணம் ஒன்றல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் இறைச்சி ஆலைகள் மூடியபோது அலமாரிகள் காலியாகி, மக்கள் இதை எடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் அமெரிக்கச் சில்லறை விற்பனை ஒரே ஆண்டில் 45 சதவீதம் கூடி 140 கோடி டாலர் ஆனது. அந்தக் கோடு அப்படியே மேலே போகும் என்று நம்பி ஆலை, ஆள், கடன் எல்லாவற்றையும் பெருக்கினார்கள். பியாண்ட் மீட் 2021-ல் 115 கோடி டாலர் கடன் பத்திரங்களை வெளியிட்டது. ஆனால் எடுத்துப் பார்த்தவர்கள் திரும்ப வாங்கவில்லை. ருசி முழுக்கத் திருப்தி இல்லை, விலை கறியை விட அதிகம், 2022-ல் விலைவாசி ஏறியதும் மளிகைப் பட்டியலில் முதலில் வெட்டுப்பட்டது இதுதான். மெக்டொனால்ட்ஸ் 'மெக்பிளான்ட்' பர்கரை அமெரிக்காவில் சுமார் 600 கடைகளில் சோதித்துவிட்டு விட்டுவிட்டது. பெப்சிகோவோடு சேர்ந்து கொண்டுவந்த உலர்கறித் துண்டு, விற்க விற்கக் கையைக் கடித்தது.

என் கணிப்பைக் கேட்டால், அடிப்படைப் பிழை மதிப்பீட்டில் இருந்தது. முதலீட்டாளர்கள் இதை மென்பொருள் கம்பெனி போல விலைபோட்டார்கள். மென்பொருளை ஒருமுறை எழுதினால் கோடிப் பேருக்கு விற்கலாம். பர்கரை ஒவ்வொன்றாகச் செய்து, குளிரில் வைத்து, லாரியில் ஏற்றி, கெட்டுப்போவதற்குள் விற்கவேண்டும். உணவுத் தொழிலில் லாபம் மெல்லிசு, வளர்ச்சி மெதுவு. இதைத் தெரிந்துகொள்ள ஆறு வருடம் ஆகியிருக்கத் தேவையில்லை.

"அப்ப இந்தத் தொழிலே முடிஞ்சு போச்சா?"

அமெரிக்கச் செய்திகளை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். ஜெர்மனியைப் பாருங்கள். ரூகன்வால்டர் ம்யூலே 1834-லிருந்து பன்றியிறைச்சி சாசேஜ் செய்யும் கம்பெனி. 2014 கடைசியில் இறைச்சி இல்லாத துண்டுகளைக் கொண்டுவந்தபோது சக வியாபாரிகள் சிரித்தார்கள். 2021-ல் அதன் வருமானத்தில் இறைச்சியை விடத் தாவர வகைகளின் பங்கு பெரிதாகிவிட்டது. ஊருக்கெல்லாம் தெரிந்த பழைய பெயர், ஏற்கெனவே இருக்கும் ஆலை, ஏற்கெனவே இருக்கும் கடை உறவு. உலகை மாற்றுகிறோம் என்று பேசாமல் ரொட்டிக்கு நடுவில் வைக்க ஒரு துண்டு செய்தார்கள், அவ்வளவுதான்.

ஜெர்மன் புள்ளியியல் அலுவலகக் கணக்குப்படி 2023-ல் அந்நாட்டில் உற்பத்தியான இறைச்சி மாற்றுகள் சுமார் 1,21,600 டன், 2019-ஐப் போல இரு மடங்கு. அந்த ஆண்டு அக்டோபரில் லிடில் சூப்பர்மார்க்கெட் தன் சொந்த தாவரச் சரக்கின் விலையை இறைச்சி விலைக்கே இறக்கியது, மற்ற கடைகளும் பின்தொடர்ந்தன. அதற்காக மிகைப்படுத்தவும் வேண்டாம். அதே 2023-ல் அங்கே உற்பத்தியான இறைச்சியின் மதிப்பு இதைப்போல ஏறத்தாழ 80 மடங்கு.

பிரிட்டனில் நிலைமை கலவையானது. அலமாரியில் இடம் குறைந்து, 2023-ல் மீட்லெஸ் ஃபார்ம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. நெஸ்லே தன் கார்டன் கோர்மே வகைகளை அந்நாட்டுக் கடைகளிலிருந்து விலக்கிக்கொண்டது. ஆனால் அமெரிக்காவில் கைவிட்ட மெக்பிளான்ட், பிரிட்டன் மெக்டொனால்ட்ஸில் தொடர்ந்து விற்றது.

"கறி கம்பெனிகளே இதுல பணம் போடறாங்களே, தன் வயித்துல தானே அடிச்சுக்கிற மாதிரி இல்லையா?"

அவர்களுக்கு இது காப்பீடு. தங்களைக் கறி விற்பவர்கள் என்று சொல்லாமல் புரதம் விற்பவர்கள் என்று சொல்லத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் டைசன் ஃபுட்ஸ் 2016-ல் பியாண்ட் மீட்டில் 5 சதவீதம் வாங்கி, பங்கு வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பு விற்றுவிட்டு வெளியேறியது. பத்து நாள் பொறுத்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று அங்கே யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள்.

சுவாரசியமான கதை நெதர்லாந்துடையது. ஒன்பதாம் தலைமுறை விவசாயி யாப் கோர்டெவெக் 2010-ல் ஹேக் நகரில் 'சைவக் கசாப்புக் கடை' என்ற பெயரிலேயே ஒரு கடை திறந்தார். 2018-ல் அதை யூனிலீவர் வாங்கியது. 2025-ல் யூனிலீவர் அதை விவேரா என்ற நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. விவேரா யாருடையது என்றால், உலகின் மிகப் பெரிய இறைச்சி நிறுவனமான பிரேசிலின் ஜேபிஎஸ் உடையது. 2021-ல் 34 கோடி யூரோ கொடுத்து வாங்கியிருந்தார்கள். அதே ஜேபிஎஸ், அமெரிக்காவில் தான் தொடங்கிய பிளான்டெரா என்ற தாவரப் பிரிவை 2022-ல் மூடியது. ஓடும் ஊரில் வைத்துக்கொள்வது, ஓடாத ஊரில் இழுத்து மூடுவது, இதில் அவர்களுக்குக் கொள்கை எதுவும் இல்லை.

"செடியைத் தின்னு வளர்ற மாட்டை விட, செடியே எப்படிங்க விலை அதிகமாகும்?"

இதைக் கேட்காத ஆளே இல்லை. செடி மலிவு, செடியிலிருந்து பிரித்த புரதம் மலிவில்லை. பட்டாணியில் புரதம் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் மாவுச்சத்தும் நாரும், அவற்றுக்குச் சந்தையில் நல்ல விலை இல்லை. கசாப்புத் தொழிலில் தோல், எலும்பு, கொழுப்பு, குடல் எல்லாம் காசாகிவிடும், ஒரு நூற்றாண்டாகப் பழகிய கணக்கு அது. கூடவே, நார் பற்றிய கேள்வியில் சொன்ன எக்ஸ்ட்ரூடர் பெரிய முதலீடு. விற்பனை குறைந்து ஆலை பாதி நேரம் சும்மா நின்றால் ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் அந்தச் செலவு ஏறும். லிடில் போன்றவர்களால் குறைக்க முடிந்ததற்குக் காரணம், விளம்பரச் செலவு இல்லாத சொந்தச் சரக்கு, லாபத்தை வேறு சாமானில் ஈடுகட்டும் வசதி.

"உடம்புக்கு நல்லதா? ரொம்ப ப்ராசஸ் பண்ணதுன்னு சொல்றாங்களே?"

பதப்படுத்தியதுதான், மறைப்பதற்கில்லை. 2019-ல் வந்த இம்பாசிபிள் பர்கரில் 113 கிராம் வட்டுக்குப் புரதம் 19 கிராம், நிறைகொழுப்பு 8 கிராம், சோடியம் 370 மில்லிகிராம். அதே எடையுள்ள, கொழுப்பு மிகுந்த பச்சை மாட்டுக் கொத்துக்கறியில் நிறைகொழுப்பு கொஞ்சம் கூட, சோடியம் ஐந்தில் ஒரு பங்கு. சமைப்பவர் கறியில் உப்புப் போடுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய்தான் நிறைகொழுப்புக்குக் காரணம். 2024-ல் பியாண்ட் அதை விட்டு அவகாடோ எண்ணெய்க்கு மாறியது.

ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 36 பேருக்கு எட்டு வாரம் கறியும் எட்டு வாரம் தாவர இறைச்சியும் கொடுத்து 2020-ல் முடிவை வெளியிட்டது. தாவரக் கட்டத்தில் கெட்ட கொழுப்பு குறைந்தது, எடையும் சற்றுக் குறைந்தது. அந்த ஆய்வுக்குப் பண உதவி செய்தது பியாண்ட் மீட், அதைக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். சிறிய ஆய்வு, குறுகிய காலம். என் கருத்து: தினமும் சிவப்பிறைச்சி தின்பவர் இதற்கு மாறினால் ஓரளவு நன்மை. பருப்பும் சுண்டலும் சாப்பிடுபவருக்கு இதனால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

"எனக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, இதைச் சாப்பிடலாமா?"

மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். பட்டாணியும் வேர்க்கடலையும் ஒரே பயறுக் குடும்பம். கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்கவேண்டும் என்று பியாண்ட் தன் பொட்டலத்திலேயே எச்சரிக்கிறது. சோயாவும் கோதுமைப் புரதமும் தனி ஒவ்வாமைப் பொருட்கள். குவார்னில் இருப்பது பூஞ்சை என்பதை அமெரிக்காவில் ஒரு வழக்குக்குப் பிறகு அட்டையில் தெளிவாக அச்சிடவேண்டி வந்தது.

"சோயாவுக்காக அமேசான் காட்டையே அழிக்கறாங்களாம், அப்புறம் இது எப்படிச் சுற்றுச்சூழலுக்கு நல்லது?"

உலக சோயாவில் ஏறக்குறைய முக்கால் பங்கு கோழி, பன்றி, மாடு, வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகப் போகிறது. மனிதர் நேரடியாகத் தோஃபு, சோயாப்பால் போன்றவையாக உண்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே காட்டழிப்புக்குத் தாவர பர்கரைக் குற்றம் சொல்வது பொருந்தாது.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 2018-ல் போட்ட கணக்கில், அமெரிக்க மாட்டிறைச்சி பர்கரை விட பியாண்ட் பர்கருக்குப் பசுங்குடில் வாயு வெளியேற்றம் 90 சதவீதம் குறைவு, நிலம் 93 சதவீதம் குறைவு, ஆற்றல் 46 சதவீதம் குறைவு. இதையும் செய்யச்சொன்னது பியாண்ட் மீட்தான். ஆனால் மாட்டோடு ஒப்பிட்டால் எந்தப் பயறும் ஜெயிக்கும் என்பது மற்ற ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். கோழியோடு ஒப்பிட்டால் இடைவெளி நிறையச் சுருங்கும். விளம்பரங்கள் எப்போதும் மாட்டையே ஒப்பீட்டுக்கு எடுப்பதைக் கவனியுங்கள்.

"கறியே இல்லாததுக்கு பர்கர், சாசேஜ்னு பேர் வைக்கறது ஏமாத்து இல்லையா?"

இதில் நீதிமன்றங்களும் நாடாளுமன்றங்களும் பத்து வருடமாக மல்லுக்கட்டுகின்றன. அமெரிக்காவில் மிசூரி மாநிலம் 2018-ல் முதல் சட்டம் போட்டது. ஐரோப்பாவில் 'பால்', 'வெண்ணெய்' போன்ற சொற்களைத் தாவரப் பொருளுக்கு வைக்கக்கூடாது என்று 2017-லேயே ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறைச்சிச் சொற்களுக்கு அப்போது அப்படி ஒரு தடை இல்லை. 2020-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 'வெஜி பர்கர்' தடையை நிராகரித்தது. பிரான்ஸ் தனியாக ஆணை போட்டுப் பார்த்தது, 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்ற நிலையை எடுத்தது. ஓராண்டுக்குப் பிறகு, 2025 அக்டோபர் 8-ல், அதே நாடாளுமன்றம் 355-க்கு 247 என்ற வாக்கில் தடைக்கு ஆதரவாகத் திரும்பியது. வாக்களித்தவுடன் அது சட்டமாகிவிடாது, உறுப்பு நாடுகளோடு பேசி முடிக்கவேண்டும்.

வாங்குபவர் ஏமாறுகிறார் என்பதை நான் நம்பவில்லை, பொட்டலத்தில் 'சைவம்' என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. கால்நடை வளர்ப்போரின் வியாபாரக் கவலைதான் இந்த வழக்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானதாகவே இருக்கலாம், ஆனால் அதை நுகர்வோர் பாதுகாப்பு என்ற பெயரில் பேசவேண்டாம். தாவரக் கம்பெனிகளும் இதில் சாது இல்லை. நெஸ்லேயின் 'இன்கிரெடிபிள் பர்கர்' தன் பெயரைப் போல ஒலிக்கிறது என்று இம்பாசிபிள் ஃபுட்ஸ் வழக்குப் போட்டு, 2020-ல் நெதர்லாந்து நீதிமன்றத்தில் தடை வாங்கியது.

"சீனாவுல இதுக்குப் பெரிய மார்க்கெட் இருக்கணுமே?"

எல்லோரும் அப்படித்தான் கணக்குப் போட்டார்கள். ஹாங்காங்கின் டேவிட் யுங் 2018-ல் 'ஆம்னிபோர்க்' என்ற பன்றிக் கொத்துக்கறி மாற்றைக் கொண்டுவந்தார். 2020-ல் சீன ஸ்டார்பக்ஸ் தாவர இறைச்சி வகைகளை விற்றது. பியாண்ட் மீட் ஷாங்காய்க்குப் பக்கத்தில் ஜியாஷிங்கில் ஆலையே போட்டது, 2025-ல் அங்கே கடையைக் கட்டியது. மூன்றாம் கேள்வியில் சொன்ன கோதுமைப் புரதமும் விதவிதமான தோஃபுவும் தெருமுனையில் மலிவாகக் கிடைக்கும் ஊரில், அமெரிக்க பர்கருக்குக் கூடுதல் விலை யார் கொடுப்பார்கள்?

"விராட் கோலி, தோனி எல்லாம் பணம் போட்டாங்களே, இந்தியாவுல ஏன் எடுபடல?"

உதய்பூரில் 2016-லேயே குட்டாட் தொடங்கிவிட்டது. 2021-ல் ரிதேஷ் தேஷ்முக், ஜெனிலியா தம்பதியின் இமேஜின் மீட்ஸ் வந்தது. 2022-ல் கோலியும் அனுஷ்கா சர்மாவும் ப்ளூ டிரைபிலும், தோனி ஷாகா ஹாரியிலும் முதலீடு செய்தார்கள். அதே வருடம் டாட்டா, ஐடிசி இரண்டும் இறங்கின.

நம் நாட்டில் இறைச்சி உண்பவர்களே பெரும்பான்மை. ஆனால் அவர்கள் உண்பது வாரம் ஒருமுறை, பண்டிகை என்று அளவாகத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் கறி எடுப்பவரிடம் போய் அதையும் விட்டுவிடு என்றால் எப்படி? தினமும் தின்பவரிடம்தான் குறைக்கச் சொல்ல முடியும். அப்புறம், ஃப்ரீசரில் வைத்தே விற்கவேண்டிய சரக்கு இது. நம் தெருமுனைக் கடைகளில் அந்தப் பெட்டி ஐஸ்கிரீமுக்கு மட்டும்தான். எல்லாவற்றுக்கும் மேல், மீல் மேக்கர் பொட்டலம் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது, காயவைத்ததால் மாதக்கணக்கில் கெடாது, குருமாவில் போட்டால் மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும். புதிய சரக்கின் போட்டியாளர் ஆடு இல்லை, இந்த உருண்டைதான்.

ஏற்றுமதி வேறு கணக்கு. 2022 செப்டம்பரில் குஜராத்தின் கேடா மாவட்டத்து நடியாடிலிருந்து மோமோ, சமோசா, நக்கெட் என்று 5,000 கிலோ தாவர இறைச்சிப் பண்டங்கள் கலிஃபோர்னியாவுக்குப் போயின. இந்தியாவின் முதல் ஏற்றுமதி என்று, வேளாண் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான அபேடா அதை அறிவித்தது.

"வெளிநாட்டுல பலாக்காயைக் கறின்னு விக்கறாங்களாமே, நம்ம பண்ருட்டிக்கு ஒரு வாய்ப்பு இருக்கா?"

இருக்கிறது, ஆனால் வேறு அலமாரியில். பிஞ்சுப் பலா பிய்த்த இறைச்சி போல இருப்பதால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டின்னிலும் பொட்டலத்திலும் நன்றாகவே விற்கிறது. தோற்றத்தில் மட்டும்தான் ஒற்றுமை, 100 கிராமுக்குப் புரதம் இரண்டு கிராம்கூட இல்லை. புரதத்துக்காக வாங்குபவர் ஏமாந்து போவார், காய்கறியாக வாங்குபவருக்குக் குறையில்லை. பண்ருட்டி பழத்துக்குப் பெயர்போன ஊர். பதப்படுத்த வேண்டியதோ பழுக்காத காய். காயை வெட்டினால் பழத்துக்குக் கிடைக்கும் விலையை விட அதிகம் தர ஆள் வேண்டும், அறுவடை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வேகவைத்து அடைக்கும் ஆலையும் வேண்டும்.

"ஜெர்மனில படிக்கறேன், சுத்த சைவம். கடையில 'வெஜிடேரியன்'னு போட்டிருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி, முட்டை இருக்கும். ஐரோப்பாவில் 'வெஜிடேரியன்' என்றால் முட்டையும் பாலும் சேரலாம் என்று பொருள். ரூகன்வால்டரின் ஆரம்பகாலத் துண்டுகள் முட்டை வெள்ளைக்கருவில் ஆனவை. குவார்னின் பல வகைகளில் பூஞ்சை இழைகளை ஒட்டவைப்பதே முட்டை வெள்ளைக்கரு, பிறகுதான் முட்டையில்லாத வகைகளையும் கொண்டுவந்தார்கள். முட்டை வேண்டாம் என்றால் 'வீகன்' என்று எழுதியிருப்பதை எடுங்கள், அதில் பாலும் இருக்காது. முட்டை மட்டும் வேண்டாம், பால் பரவாயில்லை என்ற நம்மூர்ச் சைவம் என்றால் பொருள் பட்டியலைப் படிக்கவேண்டும். பொருள் பட்டியலில் ஒவ்வாமைப் பொருட்களைத் தடித்த எழுத்தில் அச்சிடுவது அங்கே வழக்கம். அந்தத் தடித்த எழுத்தில் 'ஐ' (Ei) அல்லது 'ஹ்யூனர்ஐ' (Hühnerei) என்று தொடங்கும் சொல் தென்பட்டால் அது முட்டை. 'மில்ஹ்' (Milch) என்றால் பால்.